ஐந்தாவது வீட்டின் ஜன்னல்

அக்டோபர் 14, 2043. நேற்று மாலை ஆர்வில் வீட்டு ஜன்னல் திரையை இறக்க மறந்துவிட்டேன். சின்னத் தவறுதான் என்று நினைத்தேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் மாலை வகுப்பில். சரியாக வருகிறதா தெரியவில்லை.

எங்கள் லார்ச் தெருவில் ஐந்து வீடுகளிலாவது ஆள் இருந்தால்தான் கவுன்ட்டி நிர்வாகம் தண்ணீர் விடும். குறைந்தால் குழாயை அடைத்துவிட்டு எல்லோரையும் நகரத்து அடுக்குமாடிகளுக்கு ஏற்றிவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் இப்போது மான்கள் மேய்கின்றன. கிழவர் ஆர்வில் வசந்தத்தில் மகள் வீட்டுக்குப் போனதும் நாங்கள் நான்கு வீடாகிவிட்டோம். பக்கத்து வீட்டு மிஸஸ் டகர்ட் ஆர்விலின் பழைய கோட்டிலும் தொப்பியிலும் தலையணைகளை அடைத்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தார். தினமும் மாலையில் விளக்கைப் போட்டுத் திரையை இறக்குவது என் வேலை. அப்பா வாழ்ந்து செத்த வீட்டை விட்டு அம்மா வரமாட்டாள்.

இன்று வகுப்புக்குக் கிளம்பும்போதுதான் திரை நினைவுக்கு வந்தது. வெயில் இன்னும் கூரைகளில் இருந்தது. ஆளில்லாத வீடுகளின் முன்னால் மிஸ்டர் டகர்ட் வெட்டிப் போட்டிருந்த புல்லின் பச்சை வாசனையும், எங்கோ காற்றில் ஒரு கதவு மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்த சத்தமும், அஞ்சல் பெட்டிகளின் நீண்ட நிழல்களும் கூடவே வர, ஆர்வில் வீட்டு ஜன்னலை நெருங்கினேன். தொப்பிக்கு நேரே கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல். துடைத்தேன். போகவில்லை.

உள்பக்கம்.

மங்கல் சுருங்கியது. மறுபடி விரிந்தது.

சாவி போட்டு உள்ளே போனேன். மூத்திர நாற்றம். தட்டும் சத்தம் இங்கேதான். கயிற்றால் கட்டிய ஒரு காலின் குதிகால் நாற்காலியில் இடித்துக்கொண்டிருந்தது.

"ஜோலீனா? வகுப்புக்கு நேரமாகலையா செல்லம்?" சமையலறையிலிருந்து மிஸஸ் டகர்ட் வந்தார்.

"இது... தலையணை இல்ல."

"ஆர்வில்தான். காலைல சும்மா தெருவைப் பார்த்துட்டுப் போக வந்தாராம். ஜன்னல்ல தன்னையே பார்த்துட்டாரு. கவுன்ட்டிக்குச் சொல்றேன்னு ஒரே குதி. நீ திரையை இறக்கியிருந்தா எனக்கு இவ்வளவு வேலை வந்திருக்குமா?"

வாயில் அகலமான ஒட்டுப்பட்டை. மூக்கு மட்டும் திறந்திருந்தது. எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கண்கள் என்னையே பார்த்தன.

"அவர் மகள் தேட மாட்டாங்களா?"

"அப்பா இங்கயே தங்கிட்டாருன்னு சொல்லிட்டேன். 'அப்பாடா'ன்னா." தொப்பியை நேராக்கினார். "என்ன ஆர்வில், தலையணையைவிட நீங்க எவ்வளவோ தேவலை. நாளைக்குக் கவுன்ட்டி ஆளு வீடுகளைக் கணக்கெடுக்க வர்றான். ஏன்டி, உங்கம்மா பதினெட்டாவது மாடியில போய் இருப்பாங்களா?"



விளக்கைப் போட்டேன். திரையை இறக்கினேன்.  

சாலையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். திரையில் தொப்பியின் நிழல். இடமும் வலமும் ஆடியது. நிற்கவில்லை. ஆள் இருக்கிற வீடு. யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

வகுப்புக்குத் தாமதம்.

நாளை: கணக்கெடுப்பவர் வருவதற்குள் கண்ணாடியை உள்பக்கம் துடைக்க வேண்டும்.