மைனஸ் ஐம்பத்தெட்டு டிகிரி

காலை எட்டு மணி பதினோரு நிமிடம்.

சேலையூர் கேம்ப் ரோடு சிக்னலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்த விஷ்ணுப்ரியாவின் கைப்பைக்குள் செல்போன் அலறியது.

எடுத்தாள். காலேஜ் எலெக்ட்ரீஷியன் ஜெயவேலு.

"மேடம்... எங்க கீறீங்க?"

"சேலையூர் சிக்னல்ல. ஏன் ஜெயவேலு, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"உங்க லேப்பு வெடிச்சிருச்சு மேடம்! முனி அண்ணன்... முனி அண்ணன் பூட்டாரு மேடம்!"

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன.

விஷ்ணுப்ரியா நகரவில்லை.

"யம்மா! தூங்கறதுன்னா வூட்ல போய்த் தூங்கு!" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்திய பிறகுதான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள்.

தாம்பரம் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தனியார் இன்ஜினீயரிங் காலேஜ். எப்படிப் போய்ச் சேர்ந்தாள், வழியில் எத்தனை பேரிடம் திட்டு வாங்கினாள்... எதுவும் அவளுக்கு நினைவில்லை.

ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப் வாசலில் போலீஸ்!

உள்ளே தரையெல்லாம் வெந்நீர். கண்ணாடிச் சில்லுகள். பி.எச்டி.க்காக அவள் ஐந்து வருஷம் நட்டு நட்டாகப் பூட்டிக் கட்டிய சோதனைக் கருவி வயிறு கிழிந்து நின்றது. லேபில் எல்லோரும் அதை 'ரிக்' என்பார்கள்.

மெயின் சுவிட்சுக்கு இரண்டடி முன்னால், வெள்ளைத் துணி போர்த்திய உடல்.

முனிரத்தினம். லேப் அட்டெண்டர். ஐம்பத்தாறு வயது.

தினமும் ஏழு மணிக்கு வந்து ரிக்கை ஆன் செய்வது அவர்தான். சூடு ஏறி, ஒரே நிலையில் அசையாமல் நிற்க மூன்று மணி நேரம் பிடிக்கும். பத்து மணிக்கு அளவு எடுக்க வேண்டுமானால் ஏழுக்குச் சுவிட்சைப் போட்டாக வேண்டும். போட்டுவிட்டு, சாமிக்குக் காட்டுவதுபோல ரிக்குக்கு ஒரு ஊதுபத்தி காட்டுவார். பிறகு ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போவார். பட்டம் வாங்காத விஷ்ணுப்ரியாவை, "டாக்டரம்மா... டீ!" என்று கூப்பிட்ட ஒரே மனிதர்.

ஃப்ளாஸ்க் வாசல் ஸ்டூல் மேல் பத்திரமாக இருந்தது. அதை வைத்துவிட்டுத்தான் மெயினை அணைக்க உள்ளே ஓடியிருக்கிறார்.

"ஐயோ அண்ணா... ரிக் போனா போகட்டும்னு விட்டுட்டு ஓடியிருக்கக் கூடாதா!"

விஷ்ணுப்ரியா வாய்விட்டு அழுதாள்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"அழுதது போதும்மா. என் ரூமுக்கு வா."

டாக்டர் சத்யநாராயணன்! துறைத் தலைவர். அவளுடைய கைடு. முப்பது வருஷ சர்வீஸ். சூடு எப்படிப் பாய்கிறது, தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி இருநூறு ஆராய்ச்சிக் கட்டுரைகள். அறைச் சுவர் நிறைய, சால்வை போர்த்திய போட்டோக்கள்.

ஏ.சி. ஜிலுஜிலுவென்று ஓடிக்கொண்டிருந்த அறையில், ஒரு தாளை அவள் முன்னால் தள்ளினார்.

"போலீஸ் மேல வர்றதுக்குள்ள கையெழுத்து போட்டுடு."

படித்தாள். 'என் கவனக்குறைவால் கருவி அளவுக்கு மீறிச் சூடாகி...'

கடைசியில் அவள் பெயர். டைப் அடித்து ரெடி!

"என்ன சார் இது?"

"ஆக்ஸிடென்ட்னு முடிச்சுடலாம். நல்ல வக்கீலா வெச்சு வெளியில கொண்டு வரேன். தீசிஸையும் நான் பாத்துக்கறேன்."

"போடலேன்னா?"

"தீசிஸ்ல என் கையெழுத்து விழாது. அஞ்சு வருஷம் குப்பைக்குப் போகும். யோசிச்சுக்கோ!"

விஷ்ணுப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யோசிச்சுட்டேன் சார். கீழ லேப்ல வெந்து கிடக்கறது மனுஷன். செய்யாத தப்புக்கு நான் கையெழுத்து போட்டா, செஞ்சவன் ஜாலியா நடந்து போயிடுவான். போட மாட்டேன்!"

"திமிர்! இந்தத் திமிர்தான் டேட்டா விஷயத்துலயும்!"

அந்த டேட்டா விஷயம் இதுதான். தண்ணீரில் மகா பொடியான அலுமினாத் தூளைக் கலந்தால், அது நாற்பது சதவீதம் வேகமாகச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும் என்பது சத்யநாராயணனின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. அதை நம்பி நாவலூரில் ஒரு கம்பெனி தன் கம்ப்யூட்டர்களைக் குளிர வைக்கப்போகிறது. திங்கட்கிழமை நேரில் வந்து ரிக்கைப் பார்ப்பதாக ஏற்பாடு.

விஷ்ணுப்ரியாவின் ரிக்கோ, இரண்டு வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்பது இல்லை சார்... வெறும் நாலு!

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா" என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். மிரட்டிப் பார்த்தார். அவள் மசியவில்லை.

கதவு தட்டப்பட்டது. தட்டிய வேகத்திலேயே திறந்தது.

"நான் இன்ஸ்பெக்டர் தேவதர்ஷினி. நீதான் விஷ்ணுப்ரியாவா? வெளிய வாம்மா. பேசணும்."

வராண்டாவின் கோடியில் இன்ஸ்பெக்டர் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ரிக்கு உன்னுது. அவரு செத்தது உன் ரிக்கால. எல்லாரும் உன்னைத்தான் கை காட்றாங்க. நீ இன்னா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். ரிக்கே சொல்லும்."

செல்போனை நீட்டினாள்.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எவ்வளவு சூடுன்னு என் போனுக்கு அனுப்பற மாதிரி வெச்சிருக்கேன். இன்னிக்கு வந்ததைப் பாருங்க. எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் நானே பாத்தேன்."

ஏழு மணி: 31 டிகிரி.

ஏழு பத்து: 17.

ஏழு இருபது: 2.

எட்டு மணி: மைனஸ் 58!

தேவதர்ஷினி தொப்பியைக் கழற்றினாள்.

"மைனஸ் ஐம்பத்தெட்டா? தாம்பரத்துலயா? ஏப்ரல் மாசத்துலயா? ஏம்மா... ராத்திரி ஃபேன் காத்தே அடுப்பு மாதிரி அடிக்குது!"

"அதேதான் மேடம்! சூடு ஏற ஏற நம்பர் இறங்கியிருக்கு. ஹீட்டரை ஓட்டி நிறுத்தற கன்ட்ரோலர் நம்பரை மட்டும்தான் பாக்கும். 'ஐயோ குளிருதே'ன்னு ஹீட்டரை நிறுத்தவே இல்ல. தண்ணி நூத்தி இருபது டிகிரிக்குப் போயிருக்கு. சேஃப்டி வால்வு திறக்கறதுக்குள்ள கண்ணாடிக் குழாய் வெடிச்சிடுச்சு."

"நம்பர் ஏன் தலைகீழா போச்சு?"

விஷ்ணுப்ரியா கைப்பையிலிருந்து ஒரு மெல்லிய ஒயரை எடுத்தாள். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு இழைகள், நுனியில் ஒன்றாக முறுக்கி ஒட்டியிருந்தன.

"இது தெர்மோகப்பிள். இந்த நுனிதான் சூட்டைப் பாக்கும். ஊர்ல எந்த ஒயரா இருந்தாலும் சிவப்புன்னா பிளஸ், இல்லையா? இதுல மட்டும் சிவப்பு மைனஸ். மாத்தி மாட்டினா ஏற வேண்டியது இறங்கும். லேப்ல கையால வேலை செஞ்ச யாருக்கும் இந்தத் தப்பு வராது மேடம். நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு நான் நிறுத்தறப்போ சரியா இருந்தது. அப்புறம் யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க."

தேவதர்ஷினி லேபுக்குள் போனாள். சுவரோரம் தப்பிப் பிழைத்திருந்த கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

பிளஸ்ஸில்... சிவப்பு!

"மூச்சு விடாதே. இது நமக்குள்ள. லேப் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"மூணு சாவி. ஒண்ணு முனிரத்தினம் அண்ணன்கிட்ட. ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு சார்கிட்ட."

சாரைக் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

"நேத்து அஞ்சு மணிக்கு ஜெயவேலு வந்து சாவி வாங்கிண்டு போனான். டியூப் லைட் மாத்தணும்னு. என்ன நோண்டினானோ, யாருக்குத் தெரியும்!"

அறை வாசலில் நின்றிருந்த ஜெயவேலு துள்ளிக் குதித்தான்.

"இன்னா சார் அபாண்டமா பேசறீங்க! நேத்து வெள்ளிக்கிழமை. அஞ்சு மணிக்கு நான் பல்லாவரம் சந்தையில பழைய மோட்டாருக்குப் பேரம் பேசிக்கினு இருந்தேன். மோட்டாரு வூட்ல கீது, வந்து பாருங்க!"

விஷ்ணுப்ரியா ஜெயவேலுவைத் திரும்பிப் பார்த்தாள். எலெக்ட்ரீஷியன்... சிவப்புன்னா பிளஸ் என்று தூக்கத்தில்கூடச் சொல்லுகிறவன். தன் வாயாலேயே இவன் கழுத்துக்குக் கயிறு திரித்துவிட்டோமோ?

தேவதர்ஷினி அவனை லேப் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கூடவே ஓடிய விஷ்ணுப்ரியா, முனிரத்தினத்தின் ஃப்ளாஸ்க்கைத் திறந்தாள். ஆவி பறந்தது. ஒரு டம்ளரில் டீயை ஊற்றி, ஒயரையும் கைப்பையிலிருந்த சின்ன டிஜிட்டல் மீட்டரையும் அவன் முன்னால் வைத்தாள்.

"ஜெயவேலு, டீ எவ்வளவு சூடுன்னு பாத்துச் சொல்லு."

"மனுஷன் செத்துக் கெடக்காரு, டீ சூட்டைப் பாக்கச் சொல்றீங்களா?"

முணுமுணுத்துக்கொண்டே மீட்டரை எடுத்தான். ஒயரைப் பார்க்கக்கூட இல்லை. மஞ்சள் பிளஸ்ஸில், சிவப்பு மைனஸ்ஸில்! டீயில் நுனியை முக்கினான்.

69.

"இந்த பேஜார் புடிச்ச ஒயரு மட்டும் உல்டா மேடம். டாக்டரம்மாகூட சேர்ந்து நாப்பது ஒயர் மாட்டிக்கீறேன்" என்றான் இன்ஸ்பெக்டரிடம்.

முதல் தடவையாக அவனும் அவளை டாக்டரம்மா என்றான்.

தேவதர்ஷினி தாடையைச் சொறிந்தாள். "இவனுக்குத் தெரியுது. உனக்குத் தெரியும். செத்தவருக்கும் தெரியும். அப்ப மிச்சம்..."

"சாரா? சான்ஸே இல்ல மேடம்! முப்பது வருஷ ப்ரொஃபசர்! இருநூறு பேப்..."

பாதியில் நிறுத்தினாள்.

ஐந்து வருஷம். ஒரு நாளாவது அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்திருக்கிறாளா? ரிக் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். ரீடிங் எடுப்பது மாணவர்கள். எழுதுவது மாணவர்கள். பெயர் மட்டும் அவருடையது!

"மேடம்... அந்த டீயை எடுத்துட்டு வாங்க. டெஸ்ட் இன்னும் முடியல."

டீ டம்ளரை விஷ்ணுப்ரியா சத்யநாராயணனின் மேஜைமேல் வைத்தாள். சரியாக அந்தக் கடிதத்தின்மேல்! அவள் பெயரைச் சுற்றி ஈர வட்டம் விழுந்தது.

"என்ன மரியாதை இது?" என்று சீறினார் அவர்.

தேவதர்ஷினி குழைந்தாள். "கோவிச்சுக்காதீங்க சார். இந்தப் பொண்ணு ஏதோ தெர்மா... தெர்மான்னு சொல்லுது. எனக்கு மண்டையில ஏறல. நீங்க இருநூறு பேப்பர் எழுதினவராமே... ஒரு தடவை மாட்டிக் காட்டினீங்கன்னா ரிப்போர்ட்ல எழுத வசதியா இருக்கும்."

சத்யநாராயணன் முகம் மலர்ந்தது. பாராட்டு என்றால் அவருக்கு அல்வா!

"இது எல்.கே.ஜி. மேட்டர் மேடம். பாருங்கோ."

ஒயரை எடுத்தார். மீட்டரை இழுத்தார். பிளஸ், மைனஸ் என்று இரண்டு திருகாணிகள்.

விஷ்ணுப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சிவப்பு இழை நடுவில் தயங்கியது...

பிளஸ்ஸுக்குள் நுழைந்தது!

"சிவப்பு எப்பவும் பிளஸ்" என்று பாடம் நடத்தினார். நுனியை டீயில் முக்கினார். "இப்ப நம்பர் ஏறும், கவனிங்கோ!"

24... 15... 3...

மைனஸ் 9...

மைனஸ் 20!

ஆவி பறக்கும் டீ, இமயமலைக் குளிரைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர் மீட்டரைத் தட்டினார். உதறினார். மறுபடியும் முக்கினார். மைனஸ் 20 அசையவில்லை.

"மீட்டர் ரிப்பேர்!"

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு சார்." விஷ்ணுப்ரியா மீட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "காலையில என் ரிக்கும் இதே மாதிரிதான் இறங்கிச்சு. கன்ட்ரோல் பெட்டியிலயும் சிவப்புதான் பிளஸ்ல இருக்கு. முப்பது வருஷமா ஒரு ஒயரைத் தொடாம பெரிய ஆள் ஆயிட்டீங்க. முதல் தடவையா தொட்டீங்க... ஒரு மனுஷன் போயிட்டார்!"

"நான் யாரையும் கொல்லலை!" சத்யநாராயணன் அலறினார். "திங்கக்கிழமை நாற்பது வரணும்னு... ஒயரைக் கழட்டி, சென்சாரை இடம் மாத்தி வெச்சேன்... அவ்வளவுதான்! திருப்பி மாட்டறதுல இப்படி ஒரு..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். ரொம்ப லேட்!

தேவதர்ஷினி டம்ளரைத் தூக்கி, அடியிலிருந்த கடிதத்தை உருவினாள்.

"மேட்டர் சூப்பரா எழுதியிருக்கீங்க சார். 'என் கவனக்குறைவால் கருவி அளவுக்கு மீறிச் சூடாகி'... ஒரு எழுத்து மாத்த வேணாம். பேரை மட்டும் அடிச்சுட்டு உங்க பேரைப் போடுங்க. அடுத்தவங்க தலையில கட்டப் பாத்ததுக்குத் தனிக் கேஸ் நான் போட்டுக்கறேன்."

சத்யநாராயணன் நாற்காலியில் சரிந்தார். உதடு காய்ந்து, "தண்ணி... தண்ணி..." என்றார்.

விஷ்ணுப்ரியா டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முனிரத்தினம் அண்ணன் வாங்கிட்டு வந்த டீ. ஒரே மடக்குல குடிங்க சார். உங்க கணக்குப்படி மைனஸ் இருபது டிகிரி... நாக்கு சுடாது!"