ஐஸ் வண்டியின் அடிவயிறு

நீங்கள் கடைசியாக எப்போது உங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தீர்கள்?

பெயிண்டைப் பார்ப்போம், சீட்டைப் பார்ப்போம், கண்ணாடியில் நம் முகத்தையும் பார்ப்போம். அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சர்வேயர் பார்ப்பார். மோதிய வண்டி, கவிழ்ந்த வண்டி, தண்ணீரில் மூழ்கிய வண்டி என்று எல்லாவற்றுக்கும் அடியில் படுத்துப் பார்த்து, என்ன நடந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். எந்தக் கம்பெனியிலும் அவர் சம்பளக்காரர் இல்லை. அதனால் கம்பெனிகளுக்கு அவர் மேல் மரியாதை உண்டு, பிரியம் கிடையாது.

அவருடைய அலுவலகம் ஒரு சாவிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே சாவி வெட்டும்போதெல்லாம் மேலே பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அப்படி ஒரு சாவி முடிந்ததும் படியேறி வந்தார் அந்த அம்மாள். கடைத்தெருவில் எல்லோரும் அவரை ஐஸ்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாக்டரியில் ஐஸ்கட்டி ஏற்றிக்கொண்டு போய் மீன் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் போடுகிறவர்.

"இன்சூரன்ஸ்ல ஒண்ணு சொல்றாங்க, சர்வீஸ் சென்டர்ல ஒண்ணு சொல்றாங்க, வீட்ல ஒண்ணு சொல்றாங்க. நீங்க நாலாவதா ஒண்ணு சொல்லுங்க சார், அதையும் கேட்டுக்கறேன்" என்றார்.

"உக்காருங்கம்மா. முதல்ல நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னார். சனிக்கிழமை காலை ஐஸ் போட்டு முடித்ததும் பிக்கப் வண்டியை சர்வீஸுக்கு அனுப்பியிருக்கிறார். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை போய் எடுத்திருக்கிறார். கேட்டைத் தாண்டி பெரிய ரோட்டில் ஏறி, முதல் ரவுண்டானாவில் வளைத்தபோது அடியில் பெரிய சத்தம். வண்டி அப்படியே நின்றுவிட்டது. அதே சர்வீஸ் சென்டருக்கே கட்டி இழுத்துப் போனார்கள். தூக்கிப் பார்த்தால் கியர் பெட்டி உடைந்திருக்கிறது, அடியெல்லாம் மணல்.

"மணல்ல ஓட்டியிருக்கீங்க, அதனால வாரண்டி கிடையாதுன்னுட்டாரு மேனேஜர். இன்சூரன்ஸ்காரங்களும் போட்டோவைப் பாத்துட்டு அதையே சொல்றாங்க. ரோட்டை விட்டு எறங்கி ஓட்டினா எங்க பொறுப்பில்லைன்னு. நான் ஐஸ் ஏத்திட்டு மணல்ல எதுக்கு சார் போறேன்? அங்க யாருக்கு ஜூஸ்?"

"வேற யாராவது எடுத்தாங்களா?"

ஐஸ்காரம்மா கைப்பையின் வாரைச் சுற்றினார். "என் கொழுந்தன் இருக்கான். என் வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு, தம்பி எங்களோடதான் இருக்கான். அவனுக்கு மணல்மேடுன்னா உசிரு. போன மாசம் சொல்லாம எடுத்துட்டுப் போய் மேட்டு மேல நிறுத்தி போட்டோ வேற எடுத்துக்கிட்டான். சனிக்கிழமை சர்வீஸுக்கு விட்டதும் அவன்தான். இந்தத் தடவை எடுக்கலைங்கறான். நான் நம்பல. நேத்து வீட்டுச் சாவியை வெச்சுட்டு வெளிய போடான்னுட்டேன்."

கீழே சாவி வெட்டத் தொடங்கினார்கள். மூவரும் காத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் சர்வேயரின் மனைவியின் தம்பி. முன்பு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவன். கற்றுக்கொள்ள வந்தவர்களைவிட அவன்தான் அதிகம் பயந்தான் என்பதால் அந்த வேலை நிலைக்கவில்லை. இப்போது அத்தானுக்கு போட்டோ எடுக்கிறான். சர்வேயர் அவனை மச்சான் என்று கூப்பிடுவார், ஊரும் அப்படியே கூப்பிட்டது.

"நேத்து ஓட்டும்போது வண்டி எப்படி இருந்துச்சு?" என்றார் சர்வேயர்.

"ஸ்டீயரிங் முரண்டு புடிச்சுது சார். சர்வீஸ் பண்ணா எல்லாம் இறுக்கிடுவாங்க, அதான்னு நெனச்சேன். முன்னாடி பச்சையா ஒரு லைட்டு எரிஞ்சுது. பல்பு புதுசா போட்டிருக்காங்க போலன்னு சந்தோஷப்பட்டேன்."

"சரி. வண்டி எப்பக் கைக்கு வரணும்?"

"வாரம் முடியறதுக்குள்ள. இல்லைன்னா ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்னு பாக்டரில சொல்லிட்டாங்க. ரூட்டு போச்சுன்னா வண்டி இருந்து என்ன, இல்லாம என்ன."

சர்வேயர் குடையை எடுத்துக்கொண்டார்.

சர்வீஸ் சென்டரின் முன்பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த ஹால். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு போஸ்டர். அதே மாதிரி பிக்கப் ஒன்று மணல்மேட்டின் உச்சியிலிருந்து நாலு சக்கரமும் அந்தரத்தில் நிற்கப் பறந்துகொண்டிருந்தது.

மச்சான் அதை அண்ணாந்து பார்த்தான். "சுவத்துல மணல்ல பறக்கவிடறாங்க, வாரண்டி பத்திரத்துல மணல்ல காலே வைக்காதேங்கறாங்க."

"அது விளம்பரம் சார்" என்றார் மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல். "எல்லாரும் அந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான் கெட்டுப் போறாங்க. பன்னெண்டு வருஷமா அதுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன்."

பின்னால் பட்டறையில் வண்டி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. தலைமை மெக்கானிக்கை அங்கே கிரீஸ் என்பார்கள். தன் வேலையைப் பற்றித் தானே சான்றிதழ் கொடுக்கிற ஆள். "சனிக்கிழமை சாயங்காலம் கடைசியா நான்தான் இதுக்குக் கை வெச்சேன். கிரீஸ் வெச்சேன், காத்து அடிச்சேன். இந்தம்மா வண்டிக்குப் பின் டயர் கல்லு மாதிரி இருக்கணும், முன்னாடி கொஞ்சம் தளர்த்தி. மாத்தி அடிச்சா போன்லயே தோலை உரிச்சுடும்" என்றார்.

"ஐஸ் ஏறினா பின்னாடிதானே உக்காரும்" என்றார் ஐஸ்காரம்மா. "கேட்டு அடிக்கிறதுல என்ன கஷ்டம் உனக்கு?"

சர்வேயர் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தார். டார்ச்சை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டுபோனார். அடித்தகட்டில் ஒரு கீறலும் இல்லை. ஐஸ் உருகும் தண்ணீர் வெளியேற, பின் அச்சுக்கு மேலே ஒரு குழாய் விட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழேயும் மணல் படிந்திருந்தது, காய்ந்து வழவழப்பாக. இணைப்புகளில் வைத்த புது கிரீஸ் ஆரஞ்சு நிறத்தில் பிதுங்கியிருந்தது. அதன் மேலும் மணல் அப்பியிருந்தது. உடைந்தது கியர் பெட்டியோடு சேர்ந்த, முன் சக்கரங்களுக்கு இழுவை பிரித்துக் கொடுக்கிற பெட்டி.

"போட்டோ எடு மச்சான். குழாய்க்குக் கீழ ஒண்ணு, கிரீஸ்ல ஒண்ணு. டயர்ல காத்தையும் பாத்துடு."

மச்சான் நாலு சக்கரத்தையும் சுற்றி வந்தான். "நாலும் ஒரே அளவு அத்தான். அண்ணன் தம்பி மாதிரி."

"எங்க வீட்ல அண்ணன் தம்பி அப்படி இல்லை" என்றார் ஐஸ்காரம்மா.

சர்வேயர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். ஓட்டுநர் சீட்டுக்கு அருகே கியர் கம்பியை ஒட்டி இன்னொரு குட்டைக் கம்பி இருந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டுமானால் அதைப் பின்னால் இழுக்க வேண்டும். இப்போது முன்னால் இருந்தது.

"உங்க வண்டியும் இதே கம்பெனிதானா?" என்று மேனேஜரிடம் கேட்டார்.

"எங்க கம்பெனி கார் சார். இந்தக் கம்பியெல்லாம் கிடையாது. ரோடு எப்படியோ அதுக்கேத்த மாதிரி அதுவே பாத்துக்கும்."

"காத்து?"

"நாலுக்கும் ஒரே அளவுதான். ஏன் சார்?"

"சும்மாதான். இந்தம்மாவோட கொழுந்தனை வரச் சொல்ல முடியுமா?"

கொழுந்தன் வந்ததும் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். அவன் அண்ணிக்கு எதிரில் உட்காராமல், தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். முந்தின நாள் சட்டையைத்தான் போட்டிருந்தான்.

மச்சானால் பொறுக்க முடியவில்லை. "அத்தான், நான் சொல்லட்டுமா? இது ஐஸ் வண்டி. தெருவெல்லாம் அழுதுக்கிட்டே போற வண்டி. குழாய்க்குக் கீழ இருக்கற மணல்ல ஒரு சொட்டு விழுந்த அடையாளம் இல்லை. அப்படின்னா மணல் ஒட்டினதுக்கு அப்புறம் ஐஸ் ஏத்தவே இல்லை. கடைசியா ஏத்தினது சனிக்கிழமை காலைல. அதுக்கப்புறம் வண்டியை எடுத்தது யாரு? தம்பிதான். அன்னிக்கு எப்ப கெளம்பின, எப்ப இங்க வந்து சேர்ந்த?"

"மத்தியானம் கெளம்பினேன். வர சாயங்காலம் ஆயிடுச்சு" என்றான் கொழுந்தன். "ஃப்ரெண்டு கடையில கேரம் ஆடிட்டிருந்தேன்."

"யாரு ஜெயிச்சா?"

"நான்தான்."

"பாத்தீங்களா அத்தான், பொய் சொல்றான்."

மேனேஜர் மெல்லத் தலையாட்டினார். ஐஸ்காரம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"குழாய் விஷயம் சரிதான் மச்சான், நல்லா கவனிச்சிருக்கே" என்றார் சர்வேயர். "ஆனா பாதியில எறங்கிட்டே. கிரீஸைப் பாத்தியா? புதுசு. அதுக்கு மேல மணல். மணல் முதல்ல வந்திருந்தா மணலுக்கு மேலதான் கிரீஸ் இருக்கும். கிரீஸ் வெச்சது சனிக்கிழமை சாயங்காலம். தம்பி வண்டியை விட்டுட்டுப் போனதுக்கு அப்புறம். அவன் கேரம் ஆடினானோ, காத்தாடி விட்டானோ, அது நமக்கு வேண்டாம். இந்த மணல் அவன் கொண்டு வந்தது இல்லை."

கொழுந்தன் பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்தான். குடிக்கவில்லை.

"அப்ப திங்கக்கிழமை இந்தம்மா போயிருக்கணும்" என்றார் மேனேஜர்.

"இங்கேருந்து ரவுண்டானா வரைக்கும் தார் ரோடு. நடுவுல மணலுக்கு எங்க போறது? சனிக்கிழமை சாயங்காலத்துக்கும் திங்கக்கிழமை காலைக்கும் நடுவுல வண்டி இருந்தது இங்க. வாசல் சாவி ரெண்டு பேருகிட்ட இருக்கும். உங்ககிட்ட, இவருகிட்ட."

கிரீஸ் எழுந்தே விட்டார். "சார், நான் ஞாயித்துக்கிழமை மாமனார் வீட்ல ஓடு மாத்திட்டிருந்தேன். வேணும்னா என் முதுகைக் கேளுங்க."

"உக்காருங்க. மணல்ல எறங்கறவங்க டயர்ல காத்தை எறக்குவாங்க, இல்லைன்னா புதைஞ்சுடும். திரும்பி வந்து ஏத்தணும். நீங்க ஏத்தியிருந்தா பின்னாடி அதிகமா வெச்சிருப்பீங்க, அது உங்க கைப்பழக்கம். இப்ப நாலும் ஒரே அளவு. கார் ஓட்டியே பழகின கை." சர்வேயர் மேனேஜரைப் பார்க்காமல் போஸ்டரைப் பார்த்துச் சொன்னார். "இன்னொண்ணு. மணல்ல பழகினவன் தார்ல ஏறினதும் முதல் வேலையா அந்தக் குட்டைக் கம்பியைத்தான் தள்ளுவான். தம்பி, நீ என்ன பண்ணுவே?"

"தார் தெரியும்போதே கை அங்க போயிடும் சார்."

"ஞாயித்துக்கிழமை போனவருக்கு அது தெரியல. அவரு வண்டியில எல்லாம் அதுவே பாத்துக்கும். கம்பி பின்னாடியே இருந்துடுச்சு. திங்கக்கிழமை இந்தம்மா எடுத்தப்ப நாலு சக்கரமும் பூட்டின மாதிரி சேர்ந்து சுத்துது. பச்சை லைட்டு எரியுது, ஸ்டீயரிங் முரண்டு புடிக்குது. மணல்னா சக்கரம் வழுக்கிக் குடுத்துடும். தார் வழுக்காது. நேரா போற வரைக்கும் தாங்கும். ரவுண்டானால வளைக்கும்போது முன் சக்கரம் ஒரு கணக்குல சுத்தணும், பின் சக்கரம் வேற கணக்குல சுத்தணும். விட மாட்டேங்குது. பெட்டி உடைஞ்சுடுச்சு."

பட்டறையில் யாரோ தரையில் ஸ்பானரைப் போட்டார்கள்.

"மணல் இந்த வண்டிக்கு ஒண்ணும் பண்ணலை" என்றார் சர்வேயர். "அடித்தகட்டுல ஒரு கீறல் கூட இல்லை. உடைச்சது தார் ரோடு. ரோட்டை விட்டு எறங்கி ஓட்டினதால வந்த சேதம்னு நீங்க எழுதினது தப்பு. சேதம் ரோட்டு மேலதான் வந்திருக்கு, சர்வீஸ்லேருந்து வந்த நிலைமையில."

மேனேஜர் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"இந்தத் தம்பி சனிக்கிழமை மணல்மேட்டுல எடுத்த போட்டோவைக் காட்டினான்" என்றார். "பன்னெண்டு வருஷமா இந்த வண்டியைப் பத்தி வர்றவங்க எல்லார்கிட்டயும் பேசறேன் சார். மணல்ல அப்படி ஏறும், இப்படி எறங்கும்னு. ஒரு தடவை கூட ஓட்டினதில்லை. ஒரு மேடு ஏறிட்டுத் திரும்பிடலாம்னு போனேன்." போஸ்டரை அண்ணாந்து பார்த்தார். "ஏறுச்சு சார். நல்லா ஏறுச்சு."

"கம்பி பின்னாடி இருந்தது எப்பத் தெரிஞ்சுது?"

"கட்டி இழுத்துட்டு வந்தப்ப. நான்தான் முன்னாடி தள்ளினேன்."

"நான் நடந்ததை நடந்தபடி எழுதப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. வண்டியைச் சரி பண்ற வரைக்கும் இந்தம்மாவுக்கு ஓட்டறதுக்கு ஒரு பிக்கப் வேணும்னும் சொல்லுங்க."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே போனார். அவர் பேசுவது கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து, "காலைல வண்டி வந்துடும் மேடம்" என்றார்.

மச்சான் கொழுந்தனிடம் போய் நின்றான். "நெஜமாவே ஜெயிச்சியா?"

"ரெண்டு ஆட்டம்."

"அப்ப ஸாரி."

ஐஸ்காரம்மா எழுந்து வந்தார். "நேத்து எங்கடா படுத்த?"

"அதே ஃப்ரெண்டு கடையிலதான் அண்ணி. கேரம் போர்டுக்குக் கீழ."

"நாளைக்கு ஐஸ் ஏத்தணும். வீட்டுக்கு வந்து படு."

"சாவி உங்ககிட்ட இருக்கு."

அவர் கைப்பையில் தேடினார். கைக்குட்டை, கண்ணாடிக் கூடு, ஐஸ் கொக்கிக்குப் போடும் துணி எல்லாம் வெளியே வந்தன. கடைசியாகச் சாவி வந்தது. கொடுத்தார். "கேட்டிருந்தா வண்டியை நானே குடுத்திருப்பேன், அந்த மணல்மேட்டுக்கு" என்றார். கொழுந்தன் அதை நம்பின மாதிரி தெரியவில்லை.

மறுநாள் காலை மாற்று வண்டி வந்தது. கொழுந்தன் பின் டயர்களுக்கு மட்டும் காற்று ஏற்றினான். ஐஸ்காரம்மா ஏறி உட்கார்ந்து, குட்டைக் கம்பி முன்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஐஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.