அறுபது மேற்படிகள்

உயிர்வாழும் உரிமைக்கு அன்று காலை அடிக்குறிப்பு ஒன்றுக்கு நாற்பத்திரண்டு ரூபாய். முந்தின நாள் நாற்பத்தைந்துக்குப் போன சரக்கு. கருத்துரிமை பதினொரு ரூபாயில் கிடந்தது, வாங்க ஆளில்லை. விருதுநகர் அடிக்குறிப்புப் பேட்டையின் விலைப்பலகையை அண்ணாந்து பார்த்த பொன்னுலிங்கம், "மனுசன் உசுரு மூணு ரூபா எறங்கிருச்சு. மிளகா வத்தல் எவ்வளவுய்யா?" என்று பக்கத்துத் தரகரிடம் கேட்டார். வத்தல் ஏறியிருந்தது.

அந்தப் பேட்டையில் ஒரு காலத்தில் பருத்தியும் மல்லியும் ஏலம் போயின. நீதிபதிகளின் வாயை நம்பிப் புண்ணியமில்லை என்று நாடு முடிவுகட்டிய பிறகு எடைமன்றம் வந்தது. அது ஒரு கணினி. எந்தத் தீர்ப்பை அறிஞர்கள் தங்கள் ஆய்வேடுகளில் அதிகம் மேற்கோள் காட்டுகிறார்களோ அந்தத் தீர்ப்புக்கே வலு. ஆண்டுக்கொரு முறை எடைநாளன்று எண்ணிப் பார்ப்பார்கள். ஐம்பது அடிக்குறிப்புக்குக் கீழே இறங்கிய தீர்ப்பு செத்தது. இரண்டு தீர்ப்புகள் முட்டிக்கொண்டால் கனமானது ஜெயித்தது. படித்தவர்கள் கையில் சட்டம் பத்திரமாக இருக்கும் என்று யாரோ ஒரு புத்திசாலி நினைத்திருக்கிறார். படித்தவர்களுக்கும் வீட்டு வாடகை உண்டு என்பதை அவர் மறந்துவிட்டார். முதலாண்டே தரகர்கள் வந்து இறங்கினார்கள்.

கையால் எழுதிய குறிப்பை எடைமன்றம் ஏற்காது. 'சீராளன்' என்ற செருகுநிரல் வழியாகத்தான் வர வேண்டும். வழக்கின் பெயரை ஆய்வாளர் தட்டினால் போதும். ஆண்டு, தொகுதி, பக்கம், காற்புள்ளி எல்லாவற்றையும் அந்த பிளக்-இன் தானே அடுக்கிவிடும். மேலே ஆய்வேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. சிவகாசிக்காரர் ஒருவர் முந்நூறு பக்கமும் சாம்பார் வைக்கும் முறையை எழுதி, கீழே ஒழுங்காகக் குறிப்புப் போட்டு, டாக்டர் பட்டம் வாங்கினார். சாம்பாரும் நன்றாக இருந்ததாகக் கேள்வி.

சீராளனுக்குக் காதும் உண்டு. கைப்பேசிக்குப் பக்கத்தில் விலை பேசினால் நூற்றுக்குப் பதினெட்டு அதற்குப் போய்விடும். ஆகவே பேட்டைத் தரகர்கள் மாட்டுச் சந்தை வழக்கத்துக்குத் திரும்பியிருந்தார்கள். கையின்மேல் துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எழுத்து கிடையாது, ரசீது கிடையாது. விரல் சொன்னால் சொன்னதுதான்.

அன்று பொன்னுலிங்கத்தின் துண்டுக்கு அடியில் இருந்தது கிருபாநிதியின் கை. ஆதிரைக் கிடங்கு நிறுவனத்தின் மேலாளர். சட்டை மடிப்புக் கலையாத மனிதர், சிரிப்பும் மடிப்புக் கலையாதது.

"வண்டிப்பேட்டை சாகணும் அண்ணாச்சி. எங்க 'கிடங்கு எதிர் சொக்கன்' தீர்ப்பு எந்திரிச்சு நிக்கணும்."

வண்டிப்பேட்டைத் தீர்ப்பைப் பொன்னுலிங்கத்துக்குத் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருநூற்றுப் பன்னிரண்டு கடைகள். எவரிடமும் பத்திரம் இல்லை. பாட்டன் காலத்தில் வாய்ப்பேச்சாகப் பேசி, கையில் வாடகை கொடுத்து வந்தவர்கள். அவர்களை எழுப்பக் கூடாது என்று பழைய நீதிபதி ஒருவர் சொல்லிவைத்தது மட்டுமே அவர்களுக்கு வேலி. அந்த இடத்தில்தான் ஆதிரைக்குக் கிடங்கு கட்ட ஆசை.

"அந்தத் தீர்ப்பைத்தான் போன எடைநாளுக்கு அப்புறம் எவனும் தொடுறதில்லையே. தானா சாகுமே" என்றார் பொன்னுலிங்கம்.

"இந்த வருசம் ஒரு பொண்ணு தொட்டிருக்கு. ஜெஸிந்தா. அப்பன் அங்கதான் பூட்டு ரிப்பேர் கடை வச்சிருக்கான். ஒரே அத்தியாயத்துல அறுபத்தோரு குறிப்பு, நகல் எங்க கையில இருக்கு. ஒண்ணுக்கு ஆயிரம் வரைக்கும் சொல்லிப் பாத்தோம். செருப்பைக் காட்டுது."

"நெறையக் காசு காட்டினா செருப்புத்தான் தெரியும். கொஞ்சமாக் காட்டணும்" என்றபடி பொன்னுலிங்கம் துண்டுக்கு அடியில் கிருபாநிதியின் விரல்களை மடக்கினார். ஒன்பது லட்சத்தில் படிந்தது.

மறுநாள் எடைநாள். சட்டக் கல்லூரி கேன்டீனில் ஜெஸிந்தா ஆறிப்போன டீயுடன் உட்கார்ந்திருந்தாள். ஆய்வேட்டுக்கு முத்திரை வைக்கப் பதினைந்தாயிரம் கட்ட வேண்டும், இன்று மாலைக்குள். அவளிடம் இல்லை. இதைக் கேன்டீன் கல்லாக்காரர் ஒரு தட்டு வடைக்குப் பொன்னுலிங்கத்திடம் விற்றிருந்தார்.

"வாங்க பிணந்தின்னி அண்ணாச்சி" என்றாள், நிமிராமலே.

"உக்காரலாமா தாயி?"

"பெஞ்சு கல்லூரியோடது. உக்காருங்க. நாத்தத்தை நான் பொறுத்துக்கிறேன்."

பொன்னுலிங்கம் தன் கைப்பேசியை அணைத்தார். அவளுடையதை நோக்கிப் புருவத்தை உயர்த்தினார். அவளும் அணைத்தாள்.

"வண்டிப்பேட்டையை நான் கேக்க வரல."

"வேற என்ன, என் கிட்னியா?"

"ஒரே ஒரு குறிப்பு. 'கிடங்கு எதிர் சொக்கன்'. அதை உங்க ஏட்டுல புதுசாச் சேக்கணும், அம்புட்டுத்தான். உங்க அறுபத்தொண்ணும் இருந்த இடத்துல இருக்கட்டும். முப்பதாயிரம். பாதி இப்போ, பாதி எடை முடிஞ்சு."

ஜெஸிந்தா மனத்துக்குள் கணக்குப் போடுவது அவள் கண்ணில் தெரிந்தது. அந்தத் தீர்ப்புக்கு ஊர் முழுக்க மூன்றே குறிப்பு. இவளுடையதைச் சேர்த்தால் நான்கு. ஐம்பது எங்கே, நான்கு எங்கே? செத்த பிணத்துக்குப் பூ வைத்த மாதிரி. வியாபாரி வீட்டுப் பெண். காசு வருகிற பக்கம் சந்தேகப்பட்டாள்.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"பார்ட்டிக்கு மரியாதை. வருசா வருசம் ஒண்ணு ஏறுதுன்னு முதலாளிகிட்ட காட்டுவாங்க. அவங்க வயித்துப்பாடு."

"திட்டித்தான் எழுதுவேன். இதைவிடக் கேவலமான தீர்ப்பு கிடையாதுன்னு."

"தாராளமா. தராசுக்கு ரோசம் கிடையாது. நாயேன்னாலும் ஒண்ணு, சாமின்னாலும் ஒண்ணு."

"எங்க வைக்கணும்?"

"நூத்தி நாப்பத்திரெண்டாவது குறிப்பா. கூட்டினா ஏழு. பார்ட்டிக்கு ராசி எண்ணு."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள், பிடிக்காத சிரிப்பு. "சட்டத்தைக் கொண்டுபோய் ஜோசியக்காரன்கிட்ட விட்டுட்டீங்க."

அவர் துண்டை எடுத்தார். "அதை அந்தாண்ட வைங்க. விரல் பிடிக்க வேற ஆளைப் பாருங்க. வாக்கு போதும்" என்றாள். பொன்னுலிங்கம் பதினைந்தாயிரத்தை எண்ணி வைத்தார். அவள் மறுபடி எண்ணினாள், ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. அந்த எச்சரிக்கையை அவர் மனதாரப் பாராட்டினார். தப்பான இடத்தில் எச்சரிக்கையாக இருப்பவர்களைப்போல் நல்ல வாடிக்கையாளர் கிடையாது.

ஒரே வழக்கை அடுத்தடுத்துக் காட்டினால் சீராளன் முழுப்பெயரை ஒருமுறைதான் எழுதும். அதற்குப் பிறகு 'மேற்படி' என்று போடும். மேலே சொன்னதேதான் என்று பொருள். ஜெஸிந்தாவின் நூற்று நாற்பத்தோராம் குறிப்பில் வண்டிப்பேட்டை முழுப்பெயரோடு நின்றது. அதற்குக் கீழே வரிசையாக அறுபது மேற்படிகள். நடுவில் புதிதாக ஒன்றை நுழைத்தால், காசு கட்டி வாங்கிய சீராளன் அதைக் கவனித்து, அடுத்த மேற்படியை அழித்து வண்டிப்பேட்டையின் பெயரைத் திரும்ப எழுதும். நான்கு ஆண்டுகளாக அவளுக்கு அது செய்துகொடுத்திருக்கிறது. அவள் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. போன மாதம் கல்லூரி சந்தாவை நிறுத்தியது, பேட்டைக்கே தெரிந்த சேதி. இப்போது அவள் கணினியில் ஓடுவது ஓசிப் பதிப்பு. அது புதிய குறிப்பை அழகாக அடுக்கும். பழையதைத் திரும்பிப் பார்க்காது.

மாலை ஐந்து மணிக்கு முத்திரை விழுந்தது. ஆறு மணிக்கு எடைமன்றத்தின் பலகை மாறியது. வண்டிப்பேட்டை: ஒன்று. கிடங்கு எதிர் சொக்கன்: அறுபத்து நான்கு.

பேட்டையில் விசில் பறந்தது. பொன்னுலிங்கத்தின் முதுகில் நாலு பேர் தட்டினார்கள். ஒரே குறிப்பில் அறுபதைத் திருப்பிய ஆள் இந்தியாவிலேயே இல்லை என்றார்கள். அவர் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜெஸிந்தா வந்தாள்.

"என்னய்யா பண்ணின?"

"நான் என்ன தாயி பண்ணினேன்? ஒரு குறிப்பு கேட்டேன், நீங்க வித்தீங்க."

"இருநூத்தி சொச்சம் கடைய்யா! எங்கப்பா அறுபது வயசுல எங்க போய் உக்காருவாரு, உன் மடியிலயா?"

"யாவாரத்துல அழுகக் கூடாது. ஓசிச் சாமானை நம்பினது உங்க பிசகு."

அவள் அழவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தத் தீர்ப்பை நீ படிச்சிருக்கியா?"

சுற்றிலும் சிரிப்பு. "தேங்கா யாவாரி ஒவ்வொரு காயையும் உடைச்சுப் பாத்தா கடை நடத்த முடியுமா?" என்றார் பொன்னுலிங்கம்.

"நான் படிச்சேன். திட்டுறதுக்காகப் படிச்சேன். ஊர்லயே படிச்சவ நான் ஒருத்திதான் போல." அவள் குரலை உயர்த்தினாள், சிரித்தவர்கள் எல்லோருக்கும் கேட்க. "எழுத்தில் இல்லாத எந்த உடன்படிக்கையும், குத்தகையோ கடனோ கூலியோ தரகோ, தொடக்கம் முதலே செல்லாது. இதான் அந்தத் தீர்ப்பு. நேத்து வரைக்கும் மூணு குறிப்பு, எவனும் சீந்தல. இப்ப அறுபத்தி நாலு. வாய்ப்பேச்சைப் பத்தின தீர்ப்புலயே இனிமே இதான் கனம்."

முதுகில் தட்டிய கைகள் ஒவ்வொன்றாக விலகின. தரகு என்ற சொல் காதில் விழுந்ததுமே இரண்டு பேர் தங்கள் பார்ட்டிகளைத் தேடி ஓடினார்கள். பொன்னுலிங்கம் ஓடவில்லை. ஓடினால் பயந்ததாக ஆகிவிடும் என்று வேகமாக நடந்தார்.

கிருபாநிதி அலுவலகத்தில் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார். பொன்னுலிங்கத்துக்கும் ஒரு லட்டு கொடுத்தார்.

"ஒம்பது லட்சம்" என்றார் பொன்னுலிங்கம்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"விளையாடாதீங்க சார். விரல் பிடிச்சுப் பேசினது."

"எழுத்துல இருக்கா?"

"நாப்பது வருசமாப் பேட்டையில எவன் எழுதினான்?"

"அதான் தப்புன்னு நீங்களே சட்டம் கொண்டாந்துட்டீங்களே. நாங்க சட்டத்தை மதிக்கிற கம்பெனி." கிருபாநிதி பூந்தி உதிராமல் கையைத் துடைத்துக்கொண்டார். "வேணும்னா அந்தத் துண்டைக் கொண்டாங்க. துவைச்சாவது தரச் சொல்றேன்."

விடிந்தபோது ஊர் ஒரே சத்தமாக இருந்தது. லோடு இறக்கும் ஆட்கள் லாரிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். பேசிய கூலி செல்லாது என்று முதலாளி சொன்னாராம். வெங்காய மண்டியில் கைமாற்று வாங்கியவன், கொடுத்தவனை முன்பின் தெரியாது என்றான். ஒருவன் மூக்கு உடைந்து ரத்தம். வழக்கமான டீக்கடையில் பொன்னுலிங்கம் கை நீட்டியதும் கடைக்காரர் கிளாஸைப் பின்னுக்கு இழுத்தார். "காசை மொதல்ல வைங்க. மாசக் கணக்குல இதுவரைக்கும் எழுதாம இருந்ததெல்லாம் போச்சுல்ல. உங்க புண்ணியம்."

வண்டிப்பேட்டையில் மண் தள்ளும் இயந்திரம் கிழக்கு வரிசையிலிருந்து தொடங்கியிருந்தது. பூட்டுக் கடையில் ஜெஸிந்தாவின் அப்பா ஆணியில் தொங்கிய சாவிக்கொத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். வந்து நின்ற பொன்னுலிங்கத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெஸிந்தா பார்த்தாள்.

பொன்னுலிங்கம் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். ஏன் வந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. எடை முடிந்தால் மீதி என்று சொல்லியிருந்தார், எடை முடிந்துவிட்டது, கால் தானாக வந்துவிட்டது.

"என்ன இது?"

"மீதிப் பதினஞ்சாயிரம். வாக்குக் கொடுத்தேன்."

"செல்லாது அண்ணாச்சி."

"பிடி தாயி. நாப்பது வருசத்துல நான் சொன்ன சொல்லுக்குத் தராம இருந்ததில்ல."

"அதான் செல்லாதுன்னு ஆக்கியாச்சே. நீங்க எனக்குத் தர வேண்டியது எதுவும் இல்ல. வாங்கினா நான் எதுக்கு வாங்கினேன்னு எழுதிக் குடுக்கணும். என்னன்னு எழுதட்டும்? அப்பன் கடையை வித்த காசுன்னா?"

அவள் சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள். அப்பாவும் மகளும் அதைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றிப் போனார்கள், நடுத்தெருவில் நிற்கும் மாட்டைச் சுற்றிப் போவதுபோல.

பணம் கையிலேயே இருக்க, பொன்னுலிங்கம் வழக்கப்படி மனத்துக்குள் கணக்கை முடித்தார். ஆதிரையிடமிருந்து வர வேண்டியது ஒன்பது லட்சம்: செல்லாது. ஜெஸிந்தாவுக்குத் தர வேண்டியது பதினைந்தாயிரம்: செல்லாது. பேட்டையில் ஏழு பேரிடம் பேசிவைத்த தரகு: செல்லாது. மண்டிக்காரரிடம் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கைமாற்று: செல்லாது. வரவு சுழியம், பற்று சுழியம். நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு காசு பிசகாமல் கணக்கு நேராக நின்றது; யாருக்கும் யாரும் எதுவும் பாக்கியில்லை.