இரண்டடி குறைந்த படகு

படகின் உள்ளறைக் கதவை நல்லகாமன் இழுத்துத் திறந்தபோது ஒரு கால் வெளியே வந்து விழுந்தது.

செருப்பில்லாத கால்.

நல்லகாமன் பின்வாங்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தான்.

"டாக்டரம்மா... உள்ள ஆள் கிடக்குது."

"தூங்கறாரா?"

"இல்லம்மா. முடிஞ்சு போச்சு."

1936-ம் வருஷம். ஐப்பசி மாதம். காலை எட்டரை மணி.

மதுரையில் வைகைக் கரையோரம் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மரக்கட்டைகளின் மேல் ஏறி நின்றது அந்த மோட்டார் படகு. பழைய படகு. பச்சை வண்ணம் மட்டும் புதுப் பெண் மாதிரி மினுக்கியது.

அதை விலைக்குப் பார்க்க வந்தவள் டாக்டர் ஸ்யாமளா. வயது முப்பத்தைந்து. காரோட்டும் பெண்ணையே ஊர் நின்று வேடிக்கை பார்த்த காலத்தில், பெரியாறு ஏரியில் சொந்தமாகப் படகு வைத்து ஓட்டியவள். "பொம்பளைக்கு எதுக்குப் படகு?" என்று கேட்டவர்களிடம், "ஆம்பளைக்கு எதுக்கோ அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவள்.

அந்தச் சின்னப் படகு அவளுக்குப் போதவில்லை. படுக்க இடமில்லை. அடுப்பு வைக்க இடமில்லை. சாயங்காலம் ஆனால் கரைக்குத் திரும்ப வேண்டும்.

தொண்டியில் புறப்பட்டுக் கரையோரமாகவே பத்து நாள் போக வேண்டும். படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கி... அவளுக்கு அப்படி ஒரு லீவு வேண்டும்.

மிஷினைச் சோதிக்க மெக்கானிக் நல்லகாமனைக் கூட்டி வந்திருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். எந்த மிஷினுக்கும் காதைக் கொடுத்துக் கேட்டே கோளாறு சொல்லுவான்.

படகை விற்பவர் விஸ்வேஸ்வரன். பழைய மோட்டார்களை வாங்கி விற்கும் தரகர். கொட்டகை அவருடையது.

"உங்களை நாளைக்குத்தானே வரச் சொன்னேன் டாக்டரம்மா" என்றபடி அப்போதுதான் உள்ளே ஓடி வந்தார் அவர்.

பிணத்தைப் பார்த்த மனிதர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நாளைக்கு எனக்கு ஆபரேஷன் இருக்கு. அதான் இன்னைக்கே வந்தேன். யார் இது?"

"சிவனாண்டி. மண்டபத்துலேர்ந்து லாரியில படகோட வந்த படகு டிரைவர்."

ஸ்யாமளா முழங்காலிட்டுப் பரிசோதித்தாள். பின்மண்டை உடைந்திருந்தது. உடம்பு விறைத்திருந்தது.

"நேத்து ராத்திரி பத்துக்கும் ரெண்டுக்கும் நடுவுல அடிச்சிருக்காங்க."

பிணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனர். அதில் ரத்தம். கைப்பிடியில் 'ந' என்று ஓர் எழுத்து.

"என்னோட ஸ்பேனருதான்" என்றான் நல்லகாமன், யாரும் கேட்கும் முன்பே. "முந்தாநாள் மிஷினைப் பாக்க என்னை அனுப்புனீங்கள்லம்மா? அப்ப இங்கயே விட்டுட்டேன்."

விஸ்வேஸ்வரன் அதற்குள் போனை எடுத்திருந்தார்.

கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் சீதாராமன் வந்தார். கூடவே ஏட்டு மொக்கைச்சாமி. இன்ஸ்பெக்டர் ஸ்பேனரைப் பார்த்தார். நல்லகாமனைப் பார்த்தார். பிணத்தைப் பார்க்க அவருக்கு அவசரமில்லை.

"பேரு?"

"நல்லகாமன்."

"ஊரு?"

"உசிலம்பட்டிப் பக்கம்."

"ரேகை வச்சவனா?"

"ஆமா சார். எங்க ஊர் ஆம்பளை அம்புட்டுப் பேரும் வச்சவங்கதான்."

அந்த நாளில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. சில ஊர்களில், சில குடும்பங்களில் பிறந்தாலே போதும். திருடினாலும் திருடாவிட்டாலும் போலீஸ் புத்தகத்தில் கைரேகை பதிய வேண்டும். சாகும்வரை அந்தப் புத்தகம் விடாது.

"கேஸ் முடிஞ்சுது" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏட்டு, விலங்கை மாட்டு."

மொக்கைச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் முறைத்ததும் மூடிக்கொண்டார். விலங்கு விழுந்தது.

ஸ்யாமளா குறுக்கே வந்து நின்றாள்.

"கேஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்."

"டாக்டரம்மா, நீங்க படகு வாங்க வந்தீங்க. அந்த வேலையை மட்டும் பாருங்க."

"சரி. அதையே பாக்கறேன்."

கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

"நல்லகாமா, வெளிப்பக்கம் மூக்குலேர்ந்து அறைக் கதவு வரைக்கும் அள."

"கையில விலங்கு கிடக்கும்மா."

"விலங்கோடவே அள."

நல்லகாமன் முதன்முறையாகச் சிரித்தான். நாடாவின் நுனியை வாங்கிக்கொண்டு நடந்தான்.

"பதினெட்டு அடிம்மா."

ஸ்யாமளா உள்ளே போனாள். சிவனாண்டியின் உடலைத் தாண்டாமல் சுற்றிப் போய் அளந்தாள்.

"உள்ளே பதினாறுதான். ரெண்டடி எங்கே போச்சு விஸ்வேஸ்வரன்?"

"அது... மூக்குல நங்கூரம் வைக்கிற இடம்."

"அதுக்குக் கதவு?"



முன்பக்கத்துப் பலகையில் அவள் உள்ளங்கையை அழுத்தினாள். கை பச்சையாக வந்தது.

"படகு வந்து பதினைஞ்சு நாளாச்சுன்னீங்க. இந்த ஒரு பலகை மட்டும் இன்னும் காயலையா?"

விஸ்வேஸ்வரன் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்லகாமா... உதை."

ஒரே உதை.

பலகை பிளந்தது. பின்னால் தகர டப்பாக்கள்... வரிசை வரிசையாக. ஏட்டு ஒன்றைப் பிரித்தார். கறுப்பாக, பிசின் மாதிரி. மூக்கைச் சுளித்தார்.

"அபின் சார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"இப்பத்தான் புரியுது" என்றாள் ஸ்யாமளா. "கரையோரம் போதாது, கொழும்பு வரைக்கும் போயிட்டு வாங்கன்னு இவர் ஏன் எனக்கு அவ்வளவு ஆசை காட்டினார்னு. லேடி டாக்டர் படகை எந்தத் துறைமுகத்துல சோதிக்கப் போறாங்க? சரக்கைச் சுமக்கற கழுதை நான். அதை எங்கிட்ட சொல்லிடுவேன்னிருப்பார் இந்த சிவனாண்டி."

அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. உயிரோடு இருந்தபோது அந்த மனிதரோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அபாண்டம்" என்றார் விஸ்வேஸ்வரன். "அபினைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. இந்த நல்லகாமனும் சிவனாண்டியும் கூட்டுக் களவாணிங்க சார். பங்குல தகராறு. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு இவன் இங்கேர்ந்து ஓடினதை நானே பார்த்தேன்."

நல்லகாமன் நிமிர்ந்தான்.

"எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணி."

"நல்லாப் பாத்தீகளா? வேற ஆளா இருக்கப் போகுது."

"இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்டா. நீதான்."

நல்லகாமன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"நேத்து ராத்திரி நான் எங்க படுத்திருந்தேன்னு கேளுங்க சார்."

"எங்கடா?"

"உங்க ஸ்டேஷன்ல."

நல்லகாமன் விலங்கிட்ட கையாலேயே ஸ்டேஷன் இருக்கும் திசையைக் காட்டினான்.

"ரேகை வச்சவன் ராத்திரி ஸ்டேஷன்லதான் படுக்கணும்னு நீங்கதானே சட்டம் வச்சிருக்கீக? ஒன்பது மணிக்கு வந்து புத்தகத்துல விரல் வச்சேன். காலையில ஆறு மணிக்குத்தான் விட்டாக. மதுரைக்கு வந்த நாலு வருசமா அப்படித்தான். தெனமும் என் காலைத் தாண்டித்தான் சார் நீங்க உங்க ரூமுக்குப் போறீக."

"ஏட்டு... நிஜமா?"

மொக்கைச்சாமி விறைப்பாக நிமிர்ந்து நின்றார். "நிஜந்தாங்கய்யா. விரல் வாங்குனதே நான்தான். கதவை வெளிய பூட்டுனதும் நான்தான்."

"ஏண்டா, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"பேரு கேட்டீக. ஊரு கேட்டீக. அதோட உங்களுக்குப் போதுமாயிருச்சே சார்."

விஸ்வேஸ்வரன் ஓடினார்.

பத்தடிகூடப் போகவில்லை. ஏட்டு பாய்ந்து மடக்கினார். பிடித்த கைகளைத் திருப்பிப் பார்த்தார். பத்து நகக்கண்களிலும் பச்சை வண்ணம்.

"கையெடுத்துக் கும்பிட்டேன் சார்" என்று தரையில் உட்கார்ந்தே அழுதார் விஸ்வேஸ்வரன். "சொல்லாதேன்னு கெஞ்சினேன். அந்தம்மாவை ஏமாத்த மாட்டேன், விடிஞ்சதும் போய்ச் சொல்லப் போறேன்னான். கையில கிடைச்சதை எடுத்து... இன்னைக்கு ராத்திரி பிணத்தை அப்புறப்படுத்திடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவங்க வந்துட்டாங்க."

விலங்கு கை மாறியது.

ஸ்யாமளா தோளில் போட்டிருந்த சால்வையை எடுத்து சிவனாண்டியின் முகத்தை மூடினாள்.

"மண்டபத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம் சார். அவர் வீட்டுக்கு நானே போய்ச் சொல்றேன்."

பிறகு படகை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"மிஷின் எப்படி இருக்கு நல்லகாமா?"

"மிஷினு தங்கம்மா. விக்கிற ஆளுதான் பழுது."

"கோர்ட்டு இதை ஏலம் விடறப்போ முதல் ஆளா நான் நிப்பேன். சிவனாண்டி என்னைக் காப்பாத்த உயிரை விட்ட படகு. வேற யாருக்கும் விடறதா இல்லை."

இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. தொண்டையை மட்டும் செருமினார்.

"சரி, நீ போடா. ராத்திரி ஒன்பதுக்கு வந்து சேரு."

நல்லகாமன் நகரவில்லை. விலங்கு அழுத்திய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னைக்கு ஸ்டேஷன்ல விஸ்வேஸ்வரன் ஐயாவும் படுப்பாரா சார்?"

"படுப்பார். அதுக்கென்ன?"

"அப்ப நான் வரலை சார். கொலைகாரங்க தங்குற எடம்... நான் குடும்பஸ்தன், எனக்குப் பயமா இருக்கு."