தலையணைப் பக்கத்துக் கண்ணாடி

"என் மச்சினியைத் திருடின்னு சொல்லிட்டேன், அம்மா. நாலு பேர் முன்னாடி. அது சரியா தப்பான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

பேருந்து ஓட்டுநர் வாசலில் நின்றபடியே சொன்னார். மனைவி இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டரம்மா எழுவதற்குள் அவர் கணவர் செருப்பை மாட்டிவிட்டார். வாழ்நாளெல்லாம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர்தான். மனைவி பின்னாலேயே விசாரணைக்குப் போய்ப் போய் 'ஏட்டய்யா' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஓட்டுநர் வீட்டுப் படுக்கையறையை அவரும் இறந்துபோன மனைவியும் தங்கள் கையாலேயே செய்திருந்தார்கள். கட்டில், உடைக்கப்போட்ட பேருந்தின் தரைப்பலகை. ஜன்னல், இடித்த பள்ளிக்கூடத்தினுடையது. தலைமாட்டில், கண்டக்டராக இருந்தபோது அவள் தோளில் மாட்டிய தோல்பை தொங்கியது. கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது.

"டிரைவர் தலைக்கு மேல, பஸ்ஸுக்குள்ள பார்க்கிற கண்ணாடி இருக்குமே, அதுதான் காணோம்" என்றார் ஓட்டுநர். "அவளை முதமுதல்ல அதுலதான் பார்த்தேன். அவ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் முகம் எனக்குத் தெரியுற மாதிரி இங்க மாட்டினோம். அடக்கத்தன்னிக்குக் காலையில மச்சினி ஊர்லருந்து வந்தா. 'அக்கா ஞாபகமா அதைத் தாங்க மாமா'ன்னு கேட்டா. சாயங்காலம் ஜன்னல் திரையை விலக்கினா சுவர் காலி. இப்ப பக்கத்து வீட்டுல பெட்டி கட்டிட்டு இருக்கா. இனி என் வாசப்படி மிதிக்க மாட்டாளாம்."

"அதுக்கு முன்னாடி திரையை விலக்கவே இல்லையா?"

"படுத்த படுக்கையாக் கிடந்த கடைசி மாசம் முழுக்க, வெளிச்சம் கண்ணு கூசுதுன்னு அவ விளக்குகூடப் போட விடல."

"வலி அதிகமோ?"

"இல்லம்மா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. சுவரைப் பார்த்துப் படுத்து நிம்மதியாத் தூங்குவா."

ஏட்டய்யா தோல்பையைத் தூக்கிக் காட்டினார். "வாரை எலி கடிச்சிருக்கு, பாரு! எலி வர்ற ஓட்டை இருக்குன்னா..."

"அந்த எலிதான் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டுச்சாக்கும்! சும்மா இருங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

ஆனால் அந்த வாரை அவரும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு திருகாணிகள் அப்படியே இறுகியிருந்தன. இரண்டுக்கு நடுவே சிலந்தி வலை. அதில் தூசி கனமாகப் படிந்திருந்தது.

"இந்த ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டது நீங்களா?"

"நான் தொடவே இல்லம்மா. பழைய சாமான்ல கழட்டின ஸ்க்ரூ அதோட குழியிலதான் இறுகும். கழட்டின கையோட திரும்பப் போட்டுடணும். அவ திட்டித் திட்டி என்னைப் பழக்கினது..." ஓட்டுநர் பாதியில் நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டரம்மா மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே கைவிட்டார். ஒரு காக்கிச் சட்டை வந்தது. அதற்குள் கண்ணாடி.

"பொருள் கிடைச்சிடுச்சு. இதோட நிறுத்திக்கலாமா, மீதியும் சொல்லணுமா?"

"சொல்லுங்க. என்னன்னு போய் அவகிட்ட நிப்பேன்?"

"இந்த நாலஞ்சு நாள்ல வலை பின்னி இவ்வளவு தூசியும் படியாது. உங்க மச்சினி வர்றதுக்கு முன்னாடியே கண்ணாடி இறங்கியாச்சு. திருடன் ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கிட்டுப் போக மாட்டான். அந்தப் பழக்கம் உங்க ரெண்டு பேருக்குத்தான், நீங்க தொடல. அப்ப உங்க சம்சாரம்தான். எழுந்து நடக்க முடியாதவங்க, கைக்கு எட்டின இடத்துல வச்சிருக்காங்க. கண்ணாடி இல்லாதது தெரியக் கூடாதுன்னுதான் விளக்கு வேண்டாம்னாங்க."

"எதுக்கும்மா?"

"சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா அவங்க முகம் உங்களுக்கு அதுல மட்டும்தான் தெரியும்." அவர் குரல் தணிந்தது. "வார்ல இருக்கிறது எலிப் பல் இல்ல, தம்பி. சத்தம் வெளிய வராம இருக்கக் கடிச்சது."

ஏட்டய்யா தலையைக் குனிந்துகொண்டார். ஓட்டுநர் வாரைக் கையில் எடுத்தார். தடங்களின்மேல் விரலை வைத்தார்.

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்களோ, மச்சினி பெட்டியில்லாமல் வந்தாள். அவளே திருகாணிகளைக் கழற்றி, கண்ணாடியைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் அதன் குழியிலேயே முடுக்கினாள். ஓட்டுநர் கட்டிலில் தன் பக்கம் படுத்துப் பார்த்தார்.

"சரியா இருக்கா, மாமா?"

"இல்லம்மா. இன்னும் கொஞ்சம் திருப்பு."

அவர் தலைமாட்டிலிருந்து குனிந்து பார்த்த ஏட்டய்யாவுக்குக் கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது: நடுவில் ஒரு குழியோடு இறந்தவளின் தலையணை.