மிஸ்ஸியின் சட்டைப்பை

"கவனம் என்ன கறவ மாடா தெரேசா, கயிறு போட்டா ஒரே எடத்துல நிக்கிறதுக்கு?"

டாக்டர் ஐயா றோலண்ட் இப்படிக் கேட்டுச் சிரித்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு. தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவிக்கு ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வேண்டுமென்று கேள்விப்பட்டு, ஹட்டனிலிருந்து தெரேசா வந்து நின்ற நாள் அது.

"நிக்காதுங்கய்யா. முன்னாடி வேல செஞ்ச ரெண்டு எடத்துலயும் அதனாலதான் நிப்பாட்டுனாங்க. ஒன்னு செய்யிறப்ப இன்னொன்னு கண்ணுல படும். அங்க போயிருவேன். பொய் சொல்லிச் சேரக் கூடாதுன்னுதான் சொல்றேங்க."

"உண்மை பேசுற புள்ளையா இருக்க. அது போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு அந்தச் சொல் அவளுக்குத் தேனாக இருந்தது. 1978 ஆடி மாதத்து அந்தக் காலையில் அதே சொல் நினைவுக்கு வந்தபோது கசந்தது.

காலை ஏழு மணி. சன்னலுக்கு வெளியே பனி மூட்டம் தேயிலை மலையை முழுசாக விழுங்கியிருந்தது. தெரேசா டிஸ்பென்சரிக் கதவைத் திறந்தாள். உள்ளே நஞ்சு அலுமாரி ஆவென்று திறந்து கிடந்தது. வயிற்று வலிக்குச் சொட்டுக் கணக்கில் கொடுக்கும் பெல்லடோனாப் போத்தல் மேசைமேல் நின்றது. அதுவும் திறந்தபடி.

'நேத்து நான் பூட்டலையா?'

யோசிப்பதற்குள் வெளியே கூச்சல். தொழிற்சாலைக் காவல்காரன் மாயாண்டியை இரண்டு பேர் கம்பளியில் தூக்கி வந்தார்கள். முகம் ரத்தச் சிவப்பு. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்மணி கண்ணையே நிறைத்துக் கறுத்திருந்தது. இல்லாத எதையோ காற்றில் பிடித்துப் பிடித்து இழுத்தான்.

"லாரி! லாரி நிக்குது! பொட்டிய ஏத்தாதீங்கடா!"

"இருமலுக்கு மருந்து குடிச்சாரு மிஸ்ஸி. குடிச்சு கொஞ்ச நேரத்துல இப்புடி" என்றான் தூக்கி வந்தவன். அவன் கையில் மாயாண்டியின் போத்தல். போத்தலின் கழுத்தில் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்பு நூல்.

ஒரு வேடிக்கை. அமைதியான நாளில் நாலு பக்கமும் பறக்கும் தெரேசாவின் மனம், ஆபத்து வந்தால் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். கண்மணியைப் பார்த்த உடனேயே பெல்லடோனா என்று புரிந்துகொண்டாள். குழாய் போட்டு வயிற்றைக் கழுவினாள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரியை மறித்து, மாயாண்டியை ஏற்றி, போத்தலையும் கூடவே கொடுத்து, டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

லாரி பனிக்குள் மறைந்த பிறகுதான் அது உறைத்தது. அந்தப் போத்தலில் மருந்து ஊற்றியது அவள்தான்.

காலை வேலைக்குப் போகும்போது போத்தலைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்து திரும்பும்போது நிரப்பியதை வெளிச் சன்னல் கட்டையிலிருந்து எடுத்துப் போவது அந்தத் தோட்டத்து வழக்கம். நேற்றும் வரிசையாகப் போத்தல்களை நிரப்பி வைத்துவிட்டு ஐந்து மணிக்குப் போய்விட்டாள். இரவுக் காவலுக்குப் போகும் மாயாண்டி இருட்டிய பிறகுதான் தன்னுடையதை எடுப்பான். எல்லாம் நினைவிருக்கிறது. ஊற்றிய நிமிடம் மட்டும் இல்லை. ஒரு குழந்தை அழுதது. வெளியே யாரோ கூப்பிட்டார்கள். கூரையில் ஒரு குரங்கு ஓடியது. அதற்கு நடுவில் கை எந்தப் போத்தலைத் தொட்டது?

'மாதாவே, நான்தானா?'

ஆஸ்பத்திரித் தகவல் கிடைத்து, ஒன்பதரை மணிக்குப் போலீஸ் சார்ஜன் கணேசமூர்த்தி ஒரு கான்ஸ்டபிளோடு ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் பையோடு டாக்டர் ஐயா வந்தார். வாசலில் போத்தலும் கையுமாகப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"இவ கையால தண்ணி வாங்கிக் குடிச்சாக்கூட சாவுதான்" என்றாள் நாகலெட்சுமி, இருமும் பிள்ளையை மார்போடு அணைத்தபடி. "போன மாசம் காச்சல் பாக்குற குச்சிய எம்புள்ள வாயிலயே மறந்துட்டுப் போனவதானே!"

சார்ஜன் கதவைச் சாத்தினார். அறையை மெல்லச் சுற்றி வந்தார். மேசைமேல் பெல்லடோனாப் போத்தல். பக்கத்தில், நான்காக மடித்த வெள்ளைத் துணித் துண்டின்மேல் அதன் கண்ணாடி மூடி, முனை மேலே பார்க்கத் தலைகீழாக. கொஞ்சம் தள்ளி இருமல் மருந்து ஜாடி. அதன் வாயில் மூடி இல்லை. ஒரு தேநீர்ச் சாஸர் கவிழ்ந்திருந்தது.

"அலுமாரிச் சாவி யார்கிட்ட?"

"ஒன்னு என்கிட்ட. ஒன்னு இங்க ஆணியில தொங்கும், மிஸ்ஸி எடுத்துப் பாவிக்கிறதுக்கு" என்றார் றோலண்ட்.

"நீங்க கடைசியா எப்ப தெறந்தீங்க?"

"இந்த வாரமே தெறக்கல. நேத்து மத்தியானமே உடப்புசல்லாவைக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். இப்பதான் வாறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார்ஜன், இந்தப் புள்ள கெட்டவ இல்ல. மனசு ஒரு எடத்துல நிக்காது, அவ்வளவுதான். கொஞ்சம் பாத்துச் செய்ங்க."

அந்த இரக்கம் அவளைச் சுருக்கில் மாட்டியது.

"நீதானே ஊத்துன?" என்று சார்ஜன் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க."

"எதுல இருந்து?"

"இருமல் மருந்துல இருந்து... அப்படித்தான் நெனைக்கிறேங்க."

"நெனைக்கிறியா? சத்தியம் பண்ணுவியா?"

தெரேசா யோசித்தாள். ஆமென்று சொன்னால் பொய்யாகலாம். இல்லையென்றால் தூக்குக் கயிறு.

"சட்டப்பையில என்ன, இப்படிப் பொடச்சிக்கிட்டு இருக்கு? வெளிய எடு."

வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. பாதி தின்ற டொஃபி. பஞ்சு. மூன்று தக்கைகள். கடைசியாக ஒரு கனத்த கண்ணாடி மூடி.

"அட! மருந்துக்கட அப்படியே பைக்குள்ள இருக்கே!" சார்ஜன் சிரித்தார். "இது எதோட மூடி?"

"இருமல் ஜாடியோடதுங்க. நேத்து பூரா தேடுனேன், காணல. அதான் சாஸர வச்சு மூடுனேன். எப்பவும் இப்படித்தாங்க. ஒரு கையில ஜாடி இருக்கும், மத்தக் கை மூடியப் பைக்குள்ள போட்டுக்கும். பொறகுதான் தெரியும்."

"நல்ல மிஸ்ஸி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் சார்ஜன். "அப்ப அலுமாரியத் தெறந்து போட்டதும் நீயாத்தான் இருக்கும்."

அவர் பேசப் பேசத் தெரேசாவின் கண் வழக்கம்போல ஓடியது. சன்னல். பனி. சுவரில் பல்லி. மேசை. மடித்த துணி. அதன்மேல் தலைகீழாக மூடி.

ஓடிய கண் திரும்பி வந்து அங்கே நின்றது.

'என் கை திறந்த மூடி மேசையில் எப்படி இருக்கும்?'

துணி மடித்து, அழுக்குப் படாமல் மூடியைக் கவிழ்த்து வைக்கும் கை எது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தினமும் பார்த்த கை. ஆனால் அதைச் சொன்னால் நம்புவார்களா? நல்ல பெயர் எடுத்த டாக்டர் ஐயா எங்கே, தெர்மாமீட்டரைப் பிள்ளை வாயில் மறந்த மிஸ்ஸி எங்கே!

சுவரைப் பிடித்துக்கொண்டாள். நடிக்கத் தேவையிருக்கவில்லை.

"ஐயா... மயக்கமா வருதுங்க. ஏதாச்சும் மருந்து தாங்க."

"உக்காரு புள்ள, உக்காரு." றோலண்ட் தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு துணித் துண்டை எடுத்தார். ஒன்றாக, இரண்டாக, நான்காக மடித்தார். போத்தலைத் திறந்து, மூடியைத் தலைகீழாக்கி, துணிமேல் வைத்தார். கிளாஸில் அளவாக ஊற்றி நீட்டினார்.

அவர் கையிலிருந்து வந்த மருந்து. தெரேசா அதை வாங்கினாள், குடிக்கவில்லை.

"சார்ஜன் ஐயா, மேசையப் பாருங்க."

இரண்டு வெள்ளைத் துண்டுகள். இரண்டும் ஒரே மடிப்பு. இரண்டின்மேலும் கண்ணாடி மூடி, முனை மேலே பார்க்க.

"நான் தெறந்திருந்தா அந்த மூடி என் பைக்குள்ள இருந்திருக்கும். இருமல் ஜாடி மூடி இருந்த மாதிரி. நேத்து நான் தெறந்தது எதுன்னு எனக்கு ஞாபகம் இல்லைங்க. ஆனா என் பைக்கு இருக்கு. நான் போன பொறகு யாரோ மாயாண்டி போத்தல்ல இருந்தத கீழ ஊத்திட்டு, பெல்லடோனாவ நெறச்சு வச்சிருக்காங்க. நான் மறந்து விட்ட மாதிரி காட்டணும்னு அலுமாரியத் தெறந்து போட்டவருக்கு, மூடிய மறக்கத் தெரியல."

றோலண்ட் இரண்டு மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது... இது என் பழக்கம். எங்க பாத்தாலும் இப்படித்தான் வைப்பேன். அதுக்காக?"

"நேத்து மத்தியானத்துல இருந்து இங்க இல்லாதவரோட பழக்கம்," சார்ஜன் நிதானமாகக் கேட்டார், "இங்க எப்படிங்க இருந்துச்சு?"

றோலண்ட் இரண்டாவது துணியை அவசரமாக எடுத்தார்.

"மாயாண்டி லாரி, பொட்டின்னுதாங்க உளறுனாரு" என்றாள் தெரேசா. "அவரு ராத்திரிக் காவல்காரரு. எதையோ பாத்திருக்காரு. நம்ம டிஸ்பென்சரியில எந்த நாளும் ஊசி மருந்து தட்டுப்பாடு. ஐயா, வந்த பொட்டி எல்லாம் எங்க போச்சு?"

றோலண்ட் கதவுப் பக்கம் ஓரடி வைத்தார். சார்ஜனின் கை அவர் தோளில் விழுந்தது. டாக்டர் வீட்டைச் சோதிக்கக் கான்ஸ்டபிளை அனுப்பினார். சிறிது நேரத்தில் கான்ஸ்டபிள் திரும்பி வந்தான். டாக்டர் வீட்டு விறகுக் கொட்டகையில், படங்குச் சாக்குக்கு அடியில், தோட்டத்து முத்திரை குத்திய மருந்துப் பெட்டிகள் இருந்தன. டவுன் கடைக்குப் போகக் காத்திருந்தவை.

"ஒன்ன வேலைக்கு வச்சதே இதுக்குத்தான்" என்றார் றோலண்ட், அவளைப் பார்க்காமல். "எது காணாமப் போனாலும், நீதான் எங்கயோ வச்சுட்டன்னு ஊரே நம்பும்."

அந்தச் சொல்தான் அன்றைய அடிகளிலெல்லாம் பெரியது. இரண்டு வருடம் அவளைத் தாங்கியதாக அவள் நம்பிய கை அது.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. மாயாண்டி பிழைத்துக்கொள்வான். வயிற்றை உடனே கழுவியதுதான் உயிரைக் காப்பாற்றியதாம்.

"ஒனக்கு இருக்கறது கொறையா, வரமான்னே எனக்கு வெளங்கல மிஸ்ஸி" என்று தொப்பியை மாட்டிக்கொண்டார் சார்ஜன்.

"எனக்கும் வெளங்கலைங்க."

ஜீப் போய்விட்டது. வாசலில் பெண்கள் அசையாமல் நின்றார்கள். யாரும் போத்தலை நீட்டவில்லை. நாகலெட்சுமியின் பிள்ளை மூச்சுத் திணறி இருமியது. அவள் பிள்ளையைப் பார்த்தாள், தெரேசாவைப் பார்த்தாள். கடைசியில் போத்தலை நீட்டினாள்.

தெரேசா அதை உடனே வாங்கவில்லை. இன்றைக்குச் செய்தது அவளில்லை. நாளைக்கு? முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்களிலும், இங்கேயும், தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போன, உதவி கேட்கும் ஒரு வார்த்தை உண்டு. கேட்டால், 'அப்ப நீ எதுக்கு?' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் இன்னும் இருந்தது. இருந்தாலும் அவள் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்கக்கா. நான் ஊத்துறப்ப எம்பக்கத்துலயே நில்லுங்க. ஒவ்வொரு தடவையும், ஊத்துறதுக்கு முன்னால, 'தெரேசா, கையில என்ன இருக்கு'ன்னு என்னைய ஒரு வார்த்த கேளுங்கக்கா."