புல்வெளியில் ஏறிய ட்ரக்

மெலிசா சப்பாத்தைக் கழற்றவில்லை. கதவடி மிதியடியிலேயே நின்றாள். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி கரைந்து நாலாபக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள வாரும்" என்றாள் நிரோஷினி.

"இல்லை அக்கா. ஒரு கேள்விதான். மறுமொழி தெரிஞ்சா போயிடுவன். என்ர மனுசன் ஞாயிற்றுக்கிழமை குடிச்சவரோ இல்லையோ?"

நிரோஷினி பல வருடங்கள் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வீட்டுச் சேதங்களைப் பரிசோதிக்கும் வேலை பார்த்தவள். இப்போது அதையே தனியாகச் செய்கிறாள். கூரை ஒழுகினாலும் சுவர் வெடித்தாலும், யார் பிழை என்று தெரிய கனடாவின் மார்க்கம் நகரத் தமிழர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு மனிதன் குடித்தானா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மேல்மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் துஷாந்த் கணினியை மூடிவிட்டுப் படியிறங்கி வந்தான். வழக்கு என்ற வாசனை வந்தால் அவனால் மேலே இருக்க முடியாது.

மெலிசா நின்றபடியே சொன்னாள். அவள் கணவன் றொய்சன் ஸ்ரௌவ்வில் ஊருக்கு வடக்கே, தோட்டங்களுக்கு நடுவில் போகும் ஒரு கிராமத்து வீதியில், வீட்டு வாசல்வரை கார் போகும் ட்ரைவ்வேக்களில், முன்னால் தகடு பூட்டிய ட்ரக்கால் பனி தள்ளுகிறவன். ஞாயிறு கொட்டிய பெரும் பனியில், ஜெயரட்ணம் என்பவரின் வீட்டில் ட்ரக் ட்ரைவ்வேயை விட்டுப் புல்வெளியில் ஏறிக் கிணற்றுக் குழாயை இடித்துவிட்டது. அந்தப் பக்கம் குழாய்க் கிணறுதான். நகரத்துத் தண்ணீர் இல்லை. இன்று புதன்கிழமை. அந்த வீட்டில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

"அவர் படம் எடுத்து ரோட்டுக்காரற்ற வட்ஸ்அப் குழுவில போட்டிருக்கிறார். 'வெறியில ஓடியிருக்கிறான், உங்கட பிள்ளையள் விளையாடுற இடம், யோசியுங்கோ' எண்டு. இப்ப ஒவ்வொரு வீடா வேண்டாம் எண்டு சொல்லுது."

"றொய்சன் என்ன சொல்றார்?"

"அதுதான் அக்கா எனக்கு விசர் வருது. கேட்டா சுவரைப் பாக்கிறார். 'தடியைப் பாத்துத்தான் போனனான்' எண்டு ஒருக்காச் சொன்னவர். பேந்து வாயே திறக்கேல்லை. குடிக்கேல்லை எண்டாவது சொல்லலாம்தானே? மூண்டு வருசத்துக்கு முந்தி மாதா சுரூபத்துக்கு முன்னால சத்தியம் பண்ணிப்போட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்தவர். திரும்பக் குடிச்சா பிள்ளையளோட மிசிசாகாவில தங்கச்சி வீட்டை போயிடுவன் எண்டு அப்பவே சொல்லிப்போட்டன். நான் சொன்னாச் செய்வன். ஞாயிறு வரேக்க அவரில மணந்தது அக்கா."

"எது மணந்தது? வாயோ, உடுப்போ?"

மெலிசா யோசித்தாள். "ஜாக்கெட்டை எடுத்துக் கொழுவேக்க மணந்தது. கையுறையும்."

"வாய்?"

"சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார். நான் கிட்டப் போகேல்லை."

"சிலர் மணக்காமக் குடிக்கிறதுக்கெண்டே ஒரு சாமான்..." என்று தொடங்கினான் துஷாந்த்.

"நீங்கள் காரை எடுங்கோ" என்றாள் நிரோஷினி.

வடக்கே போகப் போக வீதி ஒடுங்கியது. இருபுறமும் பனி மதில். தபால் பெட்டிகளின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. இன்று மாலை இன்னொரு புயல் என்று வானொலி சொல்லிக்கொண்டே வந்தது. துஷாந்த் அதைத் திட்டிக்கொண்டே வந்தான். மெலிசா பின் இருக்கையில் இருந்தாள்.

ஜெயரட்ணம் வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மார்க்கத்தில் கணினி நிறுவனம் ஒன்றில் மேலாளர். மெலிசாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்கோ தங்கச்சி, இந்தக் குளிருக்க நாங்கள் படுற பாட்டை. குளிக்க ஏலாது, கோப்பை கழுவ ஏலாது. கிணறு திருத்திறவன் அடுத்த கிழமைதான் வருவானாம். காப்புறுதிக்காரர் போனை எடுத்தா பாட்டுப் போடுறாங்கள். மனுசி ஸ்னோவை அள்ளி அடுப்பில வைச்சு உருக்கி டொய்லற்றுக்கு ஊத்துறா. கனடா வாழ்க்கை."

நிரோஷினி ட்ரைவ்வேயைப் பார்த்தாள். வீதியிலிருந்து வீடுவரை நீண்ட வழி. இருபக்கமும் ஆளுயரச் செம்மஞ்சள் தடிகள் வரிசையாக நின்றன. எல்லாம் வெள்ளையாகிவிட்டால் ஓரம் எங்கே என்று ட்ரக்காரனுக்குக் காட்ட அவற்றை நடுவார்கள். ஆனால் இடது பக்கத்தில் ட்ரைவ்வே அகன்று, ஒரு ட்ரக் அகலத்துக்குப் புல்வெளிக்குள் போயிருந்தது. தகடு மண்ணையும் புல்லையும் சேர்த்து வழித்திருந்தது. நடுவில் கிணற்றுக் குழாய் வளைந்து கிடந்தது. அதன் மேல் ஒரு வாளி கவிழ்க்கப்பட்டிருந்தது.

அவள் வழித்த விளிம்போடு வீதிவரை நடந்து திரும்பி வந்தாள்.

"குடிகாரன்ர கோடு" என்றார் ஜெயரட்ணம்.

"நல்ல நேராக் கிடக்கு அண்ணை. தடிகளுக்கு ஒரு சாண் உள்ளுக்க, தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும். இந்தத் தடியள் ஆர் நட்டது?"

"அவன்தான். நவம்பரில, நிலம் இறுக முந்தி. அதுக்குப் பிறகு ஒருத்தரும் தொடேல்லை. தொடவும் ஏலாது. நிலம் கல்லு மாதிரி."

"துஷாந்த், வலப்பக்கத்தில ஒண்டை இழுத்துப் பாருங்கோ."

துஷாந்த் இரு கைகளாலும் பிடித்து இழுத்தான். பிறகு முதுகைக் கொடுத்து இழுத்தான். கை வழுக்கிப் பனிக்குள் போய் விழுந்தான். தடி அசையவில்லை.

நிரோஷினி இடப்பக்கம் போய் ஒரு தடியை இரண்டு விரலால் தூக்கினாள். அது பனிக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வெளியே வந்தது. அடிப்பக்கம் தட்டையாக, மரம் அறுக்கும் வாளால் அறுத்ததுபோல் இருந்தது. மேல்நுனிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சணல் முடிச்சு. அந்த முடிச்சுக்குள் காய்ந்த இலைக்காம்பு ஒன்று உறைந்திருந்தது. அவள் தடியைத் திரும்ப அதே துளையில் விட்டாள். பிறகு ட்ரக் வழித்த பகுதியின் நடுவே நின்று, சப்பாத்துக் குதியால் ஓரிடத்தில் பனிக்கட்டியைச் சுரண்டினாள். கொஞ்சம் தள்ளி இன்னோரிடத்திலும் சுரண்டிக் குனிந்து பார்த்தாள்.

"அவனுக்கு ஆரோ எதிரி இருக்கு" என்றான் துஷாந்த் மெதுவாக, பனியைத் தட்டிக்கொண்டு. "வேற ஒரு ட்ரக்காரன் வந்து தடியளை மாத்தி நட்டிருக்கிறான். தொழில் போட்டி."

"குளிருது. உள்ள போவம்" என்றாள் நிரோஷினி.

கராஜ் வழியாக உள்ளே போனார்கள். அங்கே ஒரு மூலையில் புகை படிந்த மூன்று செங்கற்களும், அடி கறுத்த பெரிய பானையும் இருந்தன. ஜெயரட்ணத்தின் மனைவி மயூரி அந்தப் பானையை எடுக்கத்தான் வந்திருந்தாள். பனி உருக்க வீட்டுப் பானைகள் போதவில்லை.

"பொங்கல் வெளியிலயோ பொங்கினீங்கள் அக்கா?" என்று கேட்டாள் நிரோஷினி.

மயூரியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "ஓம், ட்ரைவ்வேயில. ஒவ்வொரு வருசமும் அடுப்பிலதான், பொங்கினதும் தெரியாது போனதும் தெரியாது. இந்தமுறை முறைப்படி சூரியனைப் பாத்துச் செய்வம் எண்டு இவர் ஒற்றைக்காலில நிண்டார். நாலுபக்கமும் தோரணம் எல்லாம் கட்டி..."

"இப்ப என்னத்துக்குப் பொங்கல் கதை?" என்றார் ஜெயரட்ணம்.

எல்லோரும் சமையலறை மேசையைச் சுற்றி இருந்தார்கள். மெலிசா மட்டும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுவாத கோப்பைகள் தொட்டிக்குள் குவிந்திருந்தன. மயூரி தேநீர் தரமுடியாததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"முதல்ல கோடு" என்றாள் நிரோஷினி. "வெறியில ஓடுறவன் புல்லில ஏறலாம். ஆனா ஊத்துற ஸ்னோவுக்க, வீதியில இருந்து வீடு மட்டும் தடிக்கு ஒரு சாண் விட்டு, ஓரிடத்திலும் வளையாம ஓட அவனால ஏலாது. றொய்சன் தடியைப் பாத்துத்தான் ஓடியிருக்கிறார். அப்ப பிழை அவரிட்ட இல்லை, தடியில."

"தடி அவன் நட்டதுதானே" என்றார் ஜெயரட்ணம்.

"வலப்பக்கத் தடியள் அவர் நட்டது. நிலம் பிடிச்சு வைச்சிருக்கு, இவர் இழுத்து விழுந்ததுதான் மிச்சம். இடப்பக்கத் தடி என்ர ரெண்டு விரலுக்கு வந்தது. அது நிலத்திலயே இல்லை அண்ணை, ஸ்னோவில நிக்குது. அடி வாளால அறுத்திருக்கு. அறுத்தா மிச்சத் துண்டு எங்கயாவது இருக்கவேணும். அதையும் பாத்தன். ட்ரக் வழிச்ச இடத்துக்கு நடுவில, நிலத்தோட நிலமாச் செம்மஞ்சள் புள்ளியள் வரிசையா இருக்கு. உண்மையான ஓரம் அதுதான்."

"நான் சொன்னன், எதிரி எண்டு" என்றான் துஷாந்த்.

"எதிரி இல்லை. பொங்கல். தடியின்ர தலைப்பில சணல் முடிச்சும் மாவிலைக் காம்பும் இருக்கு. எந்தப் போட்டிக்காரன் தோரணம் கட்டிப்போட்டுத் தடியை மாத்துவான்? பந்தலுக்கு நாலு பக்கமும் தடி தேவைப்பட்டிருக்கு. வாசலில நீட்டு நீட்டுத் தடியள் நிண்டது. இழுத்தா வரேல்லை. இடப்பக்க வரிசையையே அறுத்து எடுத்தாச்சு. முடிஞ்ச பிறகு திரும்ப நடவேணும். அங்கதான் சிக்கல். ட்ரைவ்வே ஓரத்தில ட்ரக் தள்ளிவிட்ட ஸ்னோ மதில் மாதிரி இறுகிக் கிடக்கும், அதுக்க தடி இறங்காது. மதிலுக்கு அங்கால புதுசா விழுந்த ஸ்னோ பஞ்சு மாதிரி. இறங்கின இடத்தில குத்தியாச்சு. அது புல்வெளி. ஞாயிற்றுக்கிழமை காத்து எல்லாத்தையும் மட்டமாக்கிப்போட்டுது. மதிலும் தெரியேல்லை, கிணறும் தெரியேல்லை. தெரிஞ்சது தடி மட்டும்."

மயூரி பானையை மேசையில் வைத்தாள்.

"கிணத்தடித் தடியை எடுக்காதையுங்கோ எண்டு நான் சொன்னனான்" என்றாள் கணவனைப் பார்க்காமல். "சிவப்புத் துணி கட்டிக் கிடந்தது. அது வடிவாயிருக்கு எண்டு அதைத்தான் முதல்ல அறுத்தவர்."

"நான் மறந்துபோனன் மயூரி."

"மறந்திருக்கலாம்" என்றாள் நிரோஷினி. "ஆனா அண்ணை, மறந்தவர் 'எனக்குத் தெரியேல்லை' எண்டு சொல்லுவார். நீங்கள் நான் கேட்ட உடன நவம்பரில நட்டது, ஒருத்தரும் தொடேல்லை, தொடவும் ஏலாது எண்டு மூண்டு பூட்டுப் போட்டீங்கள். தடியைத் தெரியாம மாத்தி நட்டதில பிழையில்லை. ஆருக்கும் வரும். தெரிஞ்ச பிறகும் அந்தப் பிள்ளையைக் குடிகாரன் எண்டு விட்டு வைச்சிருந்தீங்கள், அதுதான் பிழை."

ஜெயரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதேக்க உண்மையா நினைவில்லை. பின்னேரம் வாளியை மூடப் போகேக்கதான் தடி ஆடினதைக் கண்டன். அதுக்குள்ள ரோட்டுக்காரர் எல்லாரும் மறுமொழி போட்டிட்டினம். அவன்ர பழைய கதையும் தெரியும்தானே எல்லாருக்கும். எப்பிடித் திரும்ப எடுக்கிறது?"

"எடுத்த போனாலதான்" என்றாள் மயூரி. அவர் போனைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "படத்தோட போட்டனீங்கள். இதையும் படத்தோட போடுங்கோ. வெளிக்கிடுங்கோ, அந்தப் புள்ளியளைப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

அவர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனார். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

"அப்ப மணந்தது?" என்று கேட்டாள் மெலிசா. வந்த நேரத்திலிருந்து அவள் அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காரின்ர முன்கண்ணாடி கழுவுற நீலத் தண்ணி. உறையாமல் இருக்கிறதுக்கு அதில நல்லா ஸ்பிரிட் கலந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை மாதிரி நாளில ஊத்தி ஊத்தி முடியாது. விறைச்ச கையால ஊத்தினா கையுறையிலயும் ஜாக்கெட் கையிலயும்தான் பாதி போகும். உடுப்பில மணந்தது எண்டு நீர்தானே சொன்னீர்."

மெலிசா தலையாட்டினாள். சந்தோசப்பட்டதாகத் தெரியவில்லை. பிறகு கராஜுக்குள் போய், இடைக்கதவை முழுவதும் மூடாமல், போனை எடுத்தாள். மறுமுனையில் நீண்ட நேரம் மணி அடித்தது. அவள் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். கையுறை போட்ட கைக்கு அது தெரிந்திருக்காது.

"இஞ்சேருங்கோ. ஜெயரட்ணம் அண்ணை வீட்டிலதான் நிக்கிறன். நிரோஷினி அக்கா எல்லாம் பாத்திட்டா. தடியை அவையள்தான் மாத்தி நட்டிருக்கினம். குழுவில எழுதப்போறார். நீங்கள் குடிக்கேல்லை எண்டு கண்டுபிடிச்சாச்சு."

"அது எனக்குத் தெரியும்" என்றான் றொய்சன்.

சமையலறையில் துஷாந்த் எதையோ சொல்ல வந்தான். நிரோஷினி அவன் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்தானே?"

"மூண்டு வருசமா ஒவ்வொரு நாளும் குடிக்காம வந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன் மெலிசா. ஒரு ஆள் எழுதினதும் நீர் ஜாக்கெட்டை மணந்து பாத்தீர். நான் கண்டனான். அதுக்குப் பிறகு என்னத்தைச் சொல்ல?"

வெளியே மாலைப் புயலின் முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. அதற்குள் ஜெயரட்ணம் குனிந்தபடி, ஒரு கையால் போனைப் பிடித்து மறுகையால் நிலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டை வருவீங்களே?" என்று கேட்டாள் மெலிசா. "ட்ரக்குக்குள்ளயே இருக்காதையுங்கோ. குளிரும்."

"நான் வீட்டிலதான் இருக்கிறன். பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுத்தாச்சு. நீர்தான் வெளியில நிக்கிறீர்."

அவள் போனை ஜாக்கெட் பைக்குள் போட்டாள். பிறகு சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"துஷாந்த் அண்ணை, ரோட்டு மூடுறதுக்கு முந்தி என்னை வீட்டை கொண்டுபோய் விடுவீங்களே?"